பெருந்தொற்றும் வீட்டுப் பட்டறையும்

முகத்தடுப்பு மூன்றே உறுப்புகள் கொண்ட பொருள். நெற்றியைச் சுற்றி வரும் பட்டை, அதிலிருந்து மோவாய்க்குக் கீழ்வரை இறங்கும் ஒளி ஊடுருவும் தகடு, தலைக்குப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் எலாஸ்டிக் நாடா, அவ்வளவுதான். மருத்துவமனைகளில் ஃபேஸ் ஷீல்டு என்று சொல்லப்படும் இது, நோயாளி இருமும்போது தெறிக்கும் துளிகள் கண்ணிலும் மூக்கிலும் வாயிலும் படாமல் தடுக்கிறது. உள்ளே அணிந்த முகக்கவசம் நனையாமல் காத்து அதன் பயன்பாட்டு நேரத்தையும் நீட்டிக்கிறது. காற்றை வடிகட்டும் வேலை இதற்கு இல்லை. தோலோடு ஒட்டி இறுக வேண்டிய கட்டாயமும் இல்லை. அளவில் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் வேலை கெடாது. 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் பொழுதுபோக்குக் கைவினைஞர்கள் மருத்துவப் பணியாளர்களுக்காகச் செய்த பொருள்களில் இது முன்னிடம் பிடித்ததற்கு, பிழையைப் பொறுத்துக்கொள்ளும் இந்தக் குணமே முதல் காரணம்.

பற்றாக்குறை எவ்வளவு பெரியது என்பதை உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 3 அன்று வெளியிட்ட கணக்கு காட்டுகிறது. கோவிட் சிகிச்சைக்கு மட்டும் மாதந்தோறும் 8.9 கோடி மருத்துவ முகக்கவசங்களும், 7.6 கோடி கையுறைகளும், 16 லட்சம் கண் பாதுகாப்புக் கண்ணாடிகளும் தேவைப்படும்; உற்பத்தி 40 விழுக்காடு உயர வேண்டும் என்றது அது. அதற்குள்ளாகவே சாதாரண அறுவை முகக்கவசத்தின் விலை ஆறு மடங்கும், என்95 வகையின் விலை மூன்று மடங்கும், மேலங்கியின் விலை இரு மடங்கும் ஏறியிருந்தன. உலகின் முகக்கவசங்களில் ஏறத்தாழ பாதி சீனாவில் உற்பத்தியாகிவந்தது. நோய் முதலில் தாக்கியதும் அங்கேதான். தன் தேவைக்கே போதாத நிலையில் சீனாவால் வெளியே அனுப்ப இயலவில்லை. பிற நாடுகளோ கையில் இருந்ததை ஏற்றுமதி செய்யத் தடை போட்டன. கையிருப்பைக் குறைத்து, வேண்டியபோது வரவழைத்துக்கொள்ளலாம் என்று பல ஆண்டுகளாகச் சிக்கனம் பார்த்த மருத்துவமனை நிர்வாகங்களுக்கு அந்த மார்ச் மாதம் பெருஞ்செலவாக முடிந்தது.

ஆலைகள் பெருகும், விமானங்கள் மீண்டும் வரும் என்பதில் ஐயம் இல்லை. அதற்குச் சில வாரங்கள் ஆகும் என்பதுதான் சிக்கல். வீட்டுப் பட்டறைகள் நிரப்பியது அந்தச் சில வாரங்களை.

இந்தப் பட்டறைகள் ஒரே நாளில் முளைத்தவை அல்ல. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் அட்ரியன் போயர் 2005இல் ரெப்ராப் என்ற திட்டத்தைத் தொடங்கினார். தன் உறுப்புகளில் பலவற்றைத் தானே அச்சிட்டுக்கொள்ளும் 3டி பிரிண்டரை உருவாக்கி, அதன் வரைபடத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைப்பது அதன் நோக்கம். பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கடுக்காகப் படியவைக்கும் முறைக்கான அடிப்படைக் காப்புரிமை 2009இல் காலாவதியானதும் பிரிண்டரின் விலை சரிந்தது; கல்லூரி மாணவர்களும் ஓய்வுபெற்ற பொறியாளர்களும் அதை மேசைமேல் வைத்துக்கொண்டார்கள். மறுபக்கம், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நீல் கெர்ஷன்ஃபெல்டு தொடங்கிய ஃபேப் லேப் என்னும் பொதுப் பட்டறை முறை பரவியது. அந்தக் கழகத்துக்கு வெளியே முதன்முதலாக அமைந்த ஃபேப் லேப்களில் ஒன்று, 2002இல் புனே அருகே பாபல் கிராமத்து விக்யான் ஆசிரமத்தில் உருவானது. இப்படிச் செய்து பார்ப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்களுக்கு மேக்கர் என்ற பெயர் நிலைத்தது.

மருத்துவத்தோடு அவர்களுக்கு முன்பே உறவு உண்டு. விரலோ கையோ இல்லாத குழந்தைகளுக்குச் செயற்கைக் கை அச்சிட்டுக் கொடுக்கும் இ-நேபிள் என்ற தன்னார்வ வலையம் 2013 முதல் இயங்கிவந்தது. காசாவிலும் கனடாவின் லண்டன் நகரிலும் பணியாற்றிய மருத்துவர் தாரெக் லூபானி, முற்றுகையால் கருவிகள் வராத ஊரில் அச்சிட்டே செய்துகொள்ளக்கூடிய ஸ்டெதஸ்கோப்பை வடிவமைத்தார். சந்தையின் சிறந்த கருவிக்கு அது இணையாக ஒலி கடத்துகிறது என்று காட்டும் ஆய்வுக் கட்டுரை 2018இல் வெளிவந்தது. பற்றாக்குறை புதிதாக வந்தது பணக்கார நாடுகளுக்குத்தான். காசாவுக்கு அது அன்றாடம்.

முகத்தடுப்பின் வரைபடங்களில் அதிகம் பரவியது பிராக் நகரிலிருந்து வந்தது. செக் குடியரசின் யோசெஃப் புரூஷா, ரெப்ராப் வழிவந்த பிரிண்டர்களை விற்கும் நிறுவனத்தை நடத்துபவர். அங்கே நூற்றுக்கணக்கான பிரிண்டர்கள் வரிசையாக நின்று அடுத்த பிரிண்டர்களுக்கான உறுப்புகளை அச்சிட்டுக்கொண்டிருந்தன. 2020 மார்ச் நடுவில் அவரது குழு மூன்று நாட்களில் பல மாதிரிகளைச் செய்து பார்த்து, செக் சுகாதார அமைச்சகத்தினரிடம் காட்டித் திருத்தி, வரைபடத்தை இலவசமாக வெளியிட்டது. அந்த நெற்றிப்பட்டை கொஞ்சம் தடிமனானது, உறுதியானது. பி.இ.டி.ஜி. என்ற பிளாஸ்டிக்கைப் பரிந்துரைத்ததிலும் பொருள் உண்டு. பொழுதுபோக்காளர் அதிகம் பயன்படுத்தும் பி.எல்.ஏ. இழை 60 டிகிரி வெப்பத்திலேயே தளரத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காரில் வைத்தால் வளைந்துபோகும். பி.இ.டி.ஜி. இன்னும் சற்றுத் தாங்கும், கிருமிநாசினித் துடைப்பையும் பொறுக்கும். ஆனால் 121 டிகிரியில் இயங்கும் மருத்துவமனை ஆட்டோகிளேவில் இரண்டுமே உருக்குலையும்.

ஸ்டாக்ஹோமின் 3டி வெர்க்ஸ்டான் என்ற சிறு நிறுவனம் எடுத்த வழி வேறு. முதலில் அது கேட்ட கேள்வி, எந்த ஊரிலும் ஏற்கெனவே கிடைப்பது எது என்பது. விடை அலுவலக அலமாரியில் இருந்தது. வகுப்பறைகளில் புரொஜெக்டருக்குப் பயன்படுத்திய ஓ.எச்.பி. ஷீட்தான் முகத் தகடு. கோப்பில் தாள் சேர்க்கத் துளையிடும் பஞ்சிங் மிஷின்தான் கருவி. அந்தத் துளைகளுக்கு இடையே உள்ள தூரம் 80 மில்லிமீட்டர் என்று தரப்படுத்தப்பட்டது. அதே இடைவெளியில் சிறு முளைகளை நெற்றிப்பட்டையில் வைத்துவிட்டால், ஷீட்டை அளக்கவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். துளையிட்டு மாட்டினால் முடிந்தது. ஷீட் அழுக்கானால் கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்டலாம். அமெரிக்கத் தாள் அளவும் துளை அமைப்பும் வேறு என்பதால் அதற்குத் தனி வரைபடமும் போட்டார்கள். எலாஸ்டிக் கிடைக்காத இடத்தில் ரப்பர் பேண்ட் போதும். பட்டை மெல்லியதாக இருந்ததால் அச்சிடும் நேரமும் நிமிடக் கணக்குக்கு இறங்கியது. 2020இல் வெளியான வரைபடங்களில் மிகுந்த புத்திக்கூர்மை கொண்டது இதுதான் என்று சொன்னால் மிகையாகாது. அதன் சிறப்பு எதைச் செய்யாமல் விடலாம் என்று கண்டதில் இருந்தது.

பிரிண்டரே தேவையில்லை என்று முடிவெடுத்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பொறியாளர் லெனன் ராட்ஜர்ஸிடம் அந்தப் பல்கலைக்கழக மருத்துவமனை ஆயிரம் முகத்தடுப்புகள் கேட்டது. அச்சிடுவது மிக மெதுவான வேலை என்று கண்ட அவர், கடைகளில் கிடைத்த பிளாஸ்டிக் தகடு, நெற்றியில் ஒட்டும் ஃபோம் பட்டை, எலாஸ்டிக் ஆகியவற்றை மட்டும் கொண்டு ஒன்றை வடிவமைத்தார். பேட்ஜர் ஷீல்டு என்ற பெயரில் வரைபடம் வெளியானது. ஃபோர்டு கார் நிறுவனம் அதை எடுத்துப் பெருமளவில் தயாரித்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமோ ஒரே தகட்டை ஆலையில் வெட்டி, பெறுபவரே அட்டைப்பெட்டி மடிப்பதுபோல் மடித்து அணியும் வடிவத்தைத் தந்தது. தட்டையாக இருப்பதால் லாரியில் அடுக்கி ஏற்றுவது எளிது.

இங்கே ஒரு சிறு கணக்கு உதவும். ஒரு நெற்றிப்பட்டைக்கு இரண்டு மணி நேரம் என்றால், இரவு பகலாக ஓடும் பிரிண்டர் நாளைக்கு 12 தரும். இழை சிக்குவது, பொருள் தட்டிலிருந்து பெயர்வது, மின்சாரம் போவது எல்லாவற்றையும் கழித்தால் எட்டோ ஒன்பதோ தேறும். ஆலையின் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் இயந்திரம் ஒரு நிமிடத்துக்குள் ஒன்றை உமிழ்ந்துவிடும். ஆயினும் அந்த இயந்திரத்துக்கு எஃகு மோல்டு வெட்டச் சில வாரங்களும் பெரும்பணமும் வேண்டும். வெட்டிய பின் வடிவத்தை மாற்ற முடியாது. பிரிண்டரிலோ, காலையில் செவிலியர் ‘நெற்றியில் உறுத்துகிறது’ என்றால் மாலையில் திருத்திய பட்டை தயார். மோல்டு வெட்டத் தகுந்த வடிவம் எது என்பதை மருத்துவமனை வார்டிலேயே சோதித்துக் கொடுத்தது பிரிண்டரின் பெரிய பயன். அது தந்த எண்ணிக்கை அடுத்தபடிதான்.

எண்ணிக்கையும் சிறிதல்ல. பிரிட்டனில் 3டி கிரவுட் என்ற அமைப்பில் பிரிண்டர் வைத்திருந்த ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தனர். பாரிஸின் கொஷான் மருத்துவமனை 60 பிரிண்டர்களைத் தன் வளாகத்திலேயே நிறுத்திக்கொண்டது. இத்தகைய குழுக்களின் வேலையைத் தொகுத்து ஓப்பன் சோர்ஸ் மெடிக்கல் சப்ளைஸ், நேஷன் ஆஃப் மேக்கர்ஸ் என்ற இரு அமைப்புகள் 2021 ஜனவரியில் அறிக்கை வெளியிட்டன. 86 நாடுகளில் 4 கோடியே 83 லட்சம் பொருள்கள் செய்யப்பட்டன என்பது அதன் கணக்கு. குழுக்கள் தாமே சொன்ன எண்களிலிருந்து திரட்டியது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டாலும், ஊதியம் இல்லாத உழைப்புக்கு இது அசாதாரண அளவு.

தயாரிப்பைவிடக் கடினமாக இருந்தது சேர்ப்பித்தல். நூறு வீடுகளில் பத்துப் பத்தாகச் செய்த பட்டைகளைச் சேகரிக்க ஆள் வேண்டும், ஊரடங்கில் வண்டி ஓட்ட அனுமதி வேண்டும், எந்த மருத்துவமனைக்கு எத்தனை என்று பதிவு வேண்டும். செய்பவர் வீட்டில் நோய் இருந்தால் பாதுகாப்புப் பொருளே நோயைச் சுமந்து செல்லும் அபாயமும் இருந்தது. ஆகவே கையுறையும் முகக்கவசமும் அணிந்து, பிரிண்டர் தட்டிலிருந்து எடுத்த சூட்டோடு உறையிலிட்டு மூடி, சில நாள் ஒதுக்கி வைத்துப் பிறகு அனுப்பும் வழக்கம் உருவாயிற்று. மருத்துவமனை தன் பங்குக்கு மறுபடி கிருமிநீக்கம் செய்துகொள்ளும். பிரிண்டரைத் தொட்டே பார்த்திராத பலர், தொலைபேசியும் கணக்கேடும் வண்டியுமாக இந்த வேலையைத் தாங்கினார்கள். செய்திப் படங்களில் அவர்கள் இல்லை.

இந்தியாவில் 2020 மார்ச் 25இல் நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியது. கடைகள் மூடின, மாநில எல்லைகளில் சரக்கு நின்றது. மும்பையில் 2013இல் வைபவ் சாப்ரா தொடங்கிய மேக்கர்ஸ் அசைலம் என்ற பொதுப் பட்டறை, எம்19 என்ற பெயரில் முகத்தடுப்பு வேலையைத் தொடங்கியது. ஒரே இடத்தில் செய்து நாடெங்கும் அனுப்புவது ஊரடங்கில் ஆகாது என்பதால், வரைபடம் பயணித்தது. பொருள் அந்தந்த ஊரிலேயே உருவானது. 3டி பிரிண்டர், லேசர் வெட்டுப்பொறி என்று கைவசம் இருந்ததைக் கொண்டு 42 நகரங்களிலும் சிற்றூர்களிலுமாக 49 நாட்களில் 10 லட்சம் முகத்தடுப்புகள் செய்து முடிக்கப்பட்டன.

கவச உடையின் கதை வேறு மாதிரி. உடல் முழுவதும் மூடும் பி.பி.இ. உடைகளுக்கு அதுவரை இந்தியா பெரிதும் இறக்குமதியையே நம்பியிருந்தது. தையல் இயந்திரம் வீட்டுக்கு வீடு உண்டு. ஆனால் தைத்தால் மட்டும் அது கவசம் ஆகிவிடாது. ஊசி போன வழியே இரத்தமும் போகும் என்பதால் தையலின்மீது நாடா வைத்து வெப்பத்தால் ஒட்ட வேண்டும்; அந்த நாடாவே கிடைக்காமல் போனது. பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு நிறுவனம், நீர்மூழ்கிக் கப்பல்களுக்கான ஒட்டுபொருளை அடிப்படையாகக் கொண்டு ஒரு மாற்றைத் தந்தது. துணியும் தையலும் செயற்கை இரத்தத்தைத் தடுக்கின்றனவா என்று ஐ.எஸ்.ஓ. 16603 தரப்படி சோதிக்கும் பொறுப்பு கோயம்புத்தூரின் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்துக்கு வந்தது. நாடெங்கிலுமிருந்து மாதிரிகள் கோவைக்கு வந்து குவிந்தன. பின்னரே வேறு ஆய்வகங்களும் சேர்ந்தன. 2020 மே மாதத்தில் இந்தியாவின் உற்பத்தி நாளொன்றுக்கு 4.5 லட்சம் உடைகள் என்று அரசு அறிவித்தது. பொழுதுபோக்காளர்களுக்கு இதில் பெரிய பங்கு இல்லை. சோதனைக்கூடம் இல்லாமல் நகராத பொருளில் வீட்டுப் பட்டறை முதல் படியிலேயே நின்றுவிடும்.

என்95 முகக்கவசத்தில் இந்த எல்லை இன்னும் தெளிவு. ஊடுருவ மிக எளிதான 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைப் பிடிப்பதால் அதற்கு அந்தப் பெயர். பிடிப்பது சல்லடைபோல் சலித்து அல்ல. உருகிய பாலிபுரோப்பிலீனைச் சூடான காற்றால் ஊதி நுண்ணிழைகளாகப் படியவைத்து, அதற்கு நிலைமின்னூட்டம் ஏற்றுகிறார்கள். சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதுபோல் அது துகளை இழுத்துப் பிடிக்கிறது. ஆல்கஹாலில் நனைத்தாலோ சோப்பில் துவைத்தாலோ மின்னூட்டம் போய்விடும். பார்வைக்குத் துணி அப்படியே இருக்கும். 2020 வசந்தத்தில் அச்சிட்ட பிளாஸ்டிக் முகக்கவசங்கள் பல வடிவங்களில் வந்தன. பார்க்கக் கம்பீரமானவை. ஆனால் கெட்டியான பிளாஸ்டிக் விளிம்பு கன்னத்தோடு பொருந்தாமல் காற்றைக் கசியவிட்டது. அடுக்குகளுக்கு இடையே நுண்ணிய இடுக்குகள் இருந்தன. வடிகட்டியாக வைத்த துணிக்குத் தரச் சான்று இல்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், அச்சிட்ட முகக்கவசம் வெறும் தடுப்பாக உதவலாமே தவிர என்95க்கு ஈடான பாதுகாப்பைத் தர வாய்ப்பில்லை என்று எச்சரித்தது. கவசம் இல்லை என்று தெரிந்தவர் ஒதுங்கி நிற்பார்; இருக்கிறது என்று நம்பியவர் நெருங்கிப் போவார். அரைகுறை முகக்கவசத்தின் ஆபத்து இந்த நம்பிக்கையில் இருக்கிறது.

சிலர் இந்தத் தடையைச் சாமர்த்தியமாகச் சுற்றிச் சென்றார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் குழுவினர், கடலில் மூழ்கிப் பார்ப்பவர் அணியும் முழுமுக ஸ்நார்க்கல் முகமூடியை எடுத்து, மருத்துவமனையில் வென்டிலேட்டருக்குப் பொருத்தும் தரச்சான்று பெற்ற வடிகட்டியை அதில் மாட்ட ஓர் இணைப்பியை மட்டும் செய்தார்கள். முகத்தோடு பொருந்துவதற்கு முகமூடியின் சிலிக்கோன் விளிம்பு. காற்றுக்கு ஆலையில் செய்த வடிகட்டி. புதிதாக உருவான உறுப்பு இடையில் வரும் இணைப்பு மட்டுமே. இத்தாலியின் பிரெஷா நகரில் இசின்னோவா நிறுவனத்தின் கிறிஸ்தியான் ஃபிரகாசி குழு அதே வகை முகமூடியை நோயாளியின் மூச்சுக்கு உதவும் கருவியாக மாற்றியது. சான்று பெறாத கருவி, நோயாளியின் கையெழுத்திட்ட சம்மதத்தோடு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று அவர்களே அறிவித்தார்கள்.

நல்லெண்ணமே தவறாகிப்போனதற்கு எடுத்துக்காட்டு, ஏரோசால் பெட்டி. நோயாளியின் மூச்சுக்குழாயில் குழாய் செலுத்தும் கணத்தில் மருத்துவரின் முகத்துக்கு நேரே கிருமித் துளிகள் எழும். தைவானின் மயக்கவியல் மருத்துவர் லாய் சியென்-யுங், நோயாளியின் தலைமேல் கவிழ்க்கும் ஒளி ஊடுருவும் அக்ரிலிக் பெட்டியை வடிவமைத்தார். கைகளை நுழைக்க இரண்டு துளைகள். வரைபடம் இலவசம். அக்ரிலிக்கும் லேசர் வெட்டுப்பொறியும் பல மேக்கர் பட்டறைகளில் இருந்தன. சில வாரங்களில் பெட்டி உலகெங்கும் பரவியது. சாயம் நிறைத்த பலூனை வெடிக்கவைத்து இருமலை நடித்துக் காட்டிய சோதனையில், சாயம் பெட்டிக்குள்ளேயே நின்றது. அந்தப் படம் பரவலுக்கு மேலும் வேகம் தந்தது. மயக்கவியல் மருத்துவர்களை வைத்துச் செய்த மாதிரிச் சோதனைகள் பின்னால்தான் வந்தன. துளைக்குள் கை அகப்பட்டதால் குழாய் செலுத்தக் கூடுதல் நேரம் ஆயிற்று. ஆக்சிஜன் இறங்கும் நோயாளிக்கு ஒவ்வொரு நொடியும் கனமானது. துளையின் விளிம்பில் உரசி மருத்துவரின் கவச உடையே கிழிந்தது. மற்றொரு ஆய்வு, காற்றில் மிதக்கும் நுண்துகள்கள் அந்தத் துளைகள் வழியாகவே மருத்துவரை நோக்கி வரக்கூடும் என்று காட்டியது. உறிஞ்சும் அமைப்பு இல்லாத இத்தகைய பெட்டிகளுக்கு 2020 மே 1இல் தந்த அவசர அனுமதியை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஆகஸ்டிலேயே திரும்பப் பெற்றது. திறந்த வரைபடம் நல்லதைப் பரப்பும் அதே வேகத்தில் கெட்டதையும் பரப்பும். பெட்டியைச் செய்து கொடுத்தவர்கள் திறமைக் குறைவானவர்கள் அல்லர். அதை வைத்து வேலை செய்யும் கைகளிடம் கேட்காமல் செய்தார்கள், அவ்வளவே.

செய்பவருக்கும் பயன்படுத்துபவருக்கும் இடையிலான இந்த இடைவெளியை அடைக்க அரசுகள் எடுத்த வழிகளில் பயன் மிகுந்தது அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் பொது வரைபடக் களஞ்சியம். 2020 மார்ச் இறுதியில் உணவு, மருந்து நிர்வாகமும் முன்னாள் படைவீரர் மருத்துவத் துறையும் அதில் கைகோத்தன. வரும் வரைபடங்களைப் படைவீரர் மருத்துவமனையினர் அச்சிட்டுச் சோதித்து, மருத்துவமனைக்குத் தகுந்தது, பொதுமக்களுக்குத் தகுந்தது, இன்னும் மாதிரி நிலையிலேயே உள்ளது என்று முத்திரை குத்தினார்கள். ஐரோப்பிய ஆணையம் மார்ச் 13இல் வெளியிட்ட பரிந்துரை, வழக்கமான சி.இ. முத்திரை இல்லாத பொருளையும் அதிகாரிகள் ஆராய்ந்து, நெருக்கடிக் காலத்தில், மருத்துவப் பணியாளர்களுக்கு மட்டும் வழங்க இடம் தந்தது. ஆனாலும் கீழ்மட்டத்தில் குழப்பம் நீடித்தது. ஒரு வார்டின் செவிலியர்கள் கேட்டு வாங்கிய முகத்தடுப்பை அதே மருத்துவமனையின் கொள்முதல் பிரிவு சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்புவது உண்டு. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது.

அறிவியலோ அனுமதியோ பெரிதாகத் தேவைப்படாத ஒன்றையும் குறிப்பிட வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் முகக்கவசம் அணிந்தால் அதன் நாடா காதுமடலின் பின்புறத்தைப் புண்ணாக்கும். நாடாவைக் காதில் மாட்டாமல் பின்தலையில் கொக்கியிட்டு மாட்ட ஒரு சிறு பிளாஸ்டிக் பட்டை வந்தது. கனடாவில் ஒரு சாரணச் சிறுவன் இதை அச்சிட்டு மருத்துவமனைக்குக் கொடுத்தது உலகச் செய்தியாயிற்று. பிரிண்டர் இல்லாதவர்கள் குரோஷா பின்னலில் பொத்தான் தைத்து அதையே செய்தார்கள். உயிர் காக்கும் கருவி அல்ல. ஆனால் செவிலியர்கள் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கியவற்றில் இதுவும் ஒன்று.

2020 கோடைக்குள் ஆலைகளின் முகத்தடுப்புகள் சந்தைக்கு வந்து விலை இறங்கியது. வீட்டுப் பட்டறைகளுக்கு வந்த கோரிக்கைகள் குறைந்தன. பல குழுக்கள் மீந்த ஷீட்டையும் எலாஸ்டிக்கையும் பள்ளிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் கொடுத்துவிட்டுக் கலைந்தன. சில கலையவில்லை. 2021 ஏப்ரலில் இரண்டாம் அலை இந்தியாவைத் தாக்கி ஆக்சிஜனுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, மும்பையில் முகத்தடுப்பு செய்த அதே வலையம் எம்19ஓ2 என்ற பெயரில் ஆக்சிஜன் செறிவூட்டியை வடிவமைக்க இறங்கியது. காற்றை அழுத்தி சியோலைட் மணிகளின் ஊடே செலுத்தினால் நைட்ரஜன் அதில் தங்க, ஆக்சிஜன் செறிந்த காற்று வெளிவரும். அழுத்தத்தை மாற்றி மாற்றி இரண்டு உருளைகளில் இது நடக்க வேண்டும். அதற்கு வேண்டியவை தரமான சியோலைட், எண்ணெய் கலக்காத காற்றழுத்தி, நொடி தவறாமல் திறந்து மூடும் வால்வுகள், வெளிவரும் காற்றின் தூய்மையை அளக்கும் உணரி. ஷீட்டிலிருந்து வெட்டி எடுக்கக்கூடியதாக அதில் இருந்தது வெளி உறை ஒன்றே.